தவிட்டோடு போனது

திருவாரூர் என்றவுடன் ஆழித்தேர் நினைவுக்கு வரும். கமலாலயக் குளம் நினைவுக்கு வரும். நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டும் அன்று. அத்தேரின் வடத்தைப் பிடித்து இழுத்த மக்கள், இழுக்கும் வலிமையை எதிலிருந்து பெற்றார்களோ அந்தச் சோற்றைப் பற்றியே பேசப்போகிறேன். சோறு வரலாற்றுக்குரிய பொருளா என்று மாணவர் சிலர் ஐயுறலாம். அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டுமே வரலாறு என்று நாம் பழகிவிட்டோம். ஆனால், ஒரு நாட்டு மக்கள் நெல்லை எவ்வாறு அவித்தார்கள், எவ்வாறு குத்தினார்கள், குத்தியதில் எதை வைத்துக்கொண்டு எதை மாட்டுக்கு வைத்தார்கள் என்பதற்குள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் கால் வீங்கி மாண்டார்கள் என்னும் கணக்கு அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இப்பொழுது அது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் குருதியில் எழுதப்பட்டு வருகிறது.

என் பாட்டியார் வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். அவர் வீட்டுக் கொல்லையில் நெல் அவிப்பதற்கென்றே பெரிய அண்டா ஒன்று இருந்தது. முதல் நாள் நெல்லை ஊறப்போடுவார்கள். மறுநாள் அடுப்பில் உமியைத் தள்ளி எரித்து, நெல் வாய் வெடிக்கும் பதம் பார்த்து இறக்கி, முற்றத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். முறத்தில் புடைத்தால் உமி ஒருபுறம், தவிடு ஒருபுறம், குருணை ஒருபுறமாகப் பிரியும். எவ்வளவு தேர்ந்த கையாயினும் உலக்கையால் தவிடு முழுவதையும் நீக்க முடியாது. அரிசியின் மேல் செம்பழுப்பான கோடுகள் எஞ்சி நிற்கும். விருந்தினர் வந்தால் மட்டும், "இன்னும் ஒரு தீட்டுத் தீட்டு" என்று பாட்டியார் சொல்வது என் காதில் இன்னும் ஒலிக்கிறது. வெள்ளையரிசி மதிப்புக்குரியது என்னும் எண்ணம் ஆலைகள் வருவதற்கு முன்பே நம்மிடம் குடிபுகுந்துவிட்டது. ஆலை செய்ததெல்லாம் விருந்தினருக்குரிய அரிசியை எல்லாருக்கும், எல்லா நாளும் கிடைக்கச் செய்ததே.

நெல்மணியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வெளியே உமி. அதற்குள் மெல்லிய தவிட்டுத் தோல். ஒரு நுனியில் முளைக்கும் கரு. நடுவே, பெரும்பகுதி வெறும் மாவுச்சத்து. நாம் சோறு என்று உண்பது இந்த மாவுச்சத்தையே. அது உடலில் சர்க்கரையாகி எரிந்து வலிமை தருகிறது. ஆனால் அவ்வாறு எரிவதற்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்து வேண்டும். இதையே வைட்டமின் பி1 என்கிறோம். விந்தை யாதெனில், மாவை எரிக்க வேண்டிய இப்பொருளை இயற்கை மாவுக்குள் வைக்காமல் தவிட்டிலும் கருவிலும் வைத்துவிட்டது. தவிட்டை நீக்கினால் விறகு மிஞ்சுகிறது, தீப்பெட்டி போய்விடுகிறது.

இனி, நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது நிகழ்வதைக் கேளுங்கள். தவிட்டிலும் கருவிலும் உள்ள தயமின் நீரில் கரையும் இயல்புடையது. அது நீரோடு சேர்ந்து மணியின் உட்பகுதிக்கு நகர்கிறது. ஆவியில் மாவு இறுகும்பொழுது அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சும். ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 0.06 மில்லிகிராம் தயமின் இருந்தால், அதே அளவு தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம் இருப்பதாக இந்திய உணவு அட்டவணைகள் கூறுகின்றன. மூன்று மடங்கிற்கு மேல்! இதை அறிந்து நம் முன்னோர் நெல்லை அவித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவித்த நெல் குத்தும்பொழுது நொறுங்காது, அரிசியில் பூச்சி எளிதில் விழாது, சோறு ஒட்டாது. அவர்களுக்கு இந்தக் காரணங்களே போதுமானவையாயிருந்தன. காரணம் தெரியாமலே ஒரு நன்மை நெடுங்காலம் நம் வீட்டில் குடியிருந்தது.

அந்த நன்மையின் அளவு, நம் மக்கள் கடல் கடந்து போனபொழுதுதான் உலகுக்குத் தெரியவந்தது. திருவாரூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் நாகப்பட்டினம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அத்துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறிய தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் தஞ்சைத் தரணியின் நிலமற்ற உழவர் மிகுதி. மலாயா நாட்டுக் காடுகளில் அவர்கள் பட்ட துன்பம் வேறொரு பேச்சுக்குரியது. நாம் காணவேண்டியது அவர்கள் உண்ட அரிசியை மட்டுமே.

அக்காலத்தில் ரங்கூனிலும் பாங்காக்கிலும் நீராவி ஆலைகள் பெருகி, பளிச்சென்ற வெள்ளை அரிசி கீழ்த்திசை எங்கும் மலிவாகப் பரவியது. அரிசி பரவிய வழியிலே பெரிபெரி என்னும் நோயும் பரவியது. முதலில் கால் மரத்துப்போகும். பின் நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். கிருமியே காரணம் என்று மருத்துவர் நம்பினார்கள். அது கிருமிகளைக் கண்டுபிடித்த காலம். எல்லா நோய்க்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்பது அக்காலத்து அறிவுலகத்தின் பிடிவாதம். ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், தாம் வளர்த்த கோழிகள் இதே நோயால் தள்ளாடி விழுவதைக் கண்டார். சில மாதத்தில் கோழிகள் தாமே தேறின. ஆராய்ந்தால், மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்தது புலனாயிற்று. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றை ஊர்க்கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் கோழிகள் தீட்டாத அரிசியைத் தின்று பிழைத்தன! ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது. 1897-ஆம் ஆண்டளவில் ஃபோர்டர்மான் என்பவர் ஜாவாவின் 101 சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி கொடுத்த சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர் அளவில்தான்.

மலாயாவில் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் மற்றொன்றைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். கூட்டங்கூட்டமாகப் பெரிபெரிக்கு இரையாயினர். அதே நாட்டில், அதே வெயிலில், அவர்களைவிட வறுமையில் உழன்ற தமிழ்த் தொழிலாளருக்கோ அந்நோய் அரிதாகவே வந்தது. தமிழர் புழுங்கலரிசியைத் தவிர வேறு அரிசியை விரும்பி உண்பதில்லை என்பதே வேற்றுமை. இதனைச் சோதித்துப் பார்க்க, 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு பரிசோதனை செய்தார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் இருந்த 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. மறுக்கும் ஆற்றலில்லாத மனிதரை வைத்து இத்தகைய சோதனை செய்வதை இன்று எந்த நாடும் ஒப்பாது. அப்பதினெண்மரின் பெயர்களும் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் உலகம் உணவிலிருந்து கற்ற முதற்பாடங்களுள் ஒன்று அவர்கள் சாவிலிருந்து கிடைத்தது.

அதன்பின் அறிவியல் விரைந்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரைப் படைத்தார். 1926-இல் ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்தது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில் என்பது பலர் அறியாத செய்தி.

நம் நாட்டிலே இவ்வாராய்ச்சிக்குக் களமாயமைந்தது நீலகிரியின் குன்னூர். அங்கே 1918-இல் பெரிபெரியை ஆராயச் சிறியதோர் அறையில் தொடங்கிய பணி, ராபர்ட் மக்காரிசன் கையில் வளர்ந்து உணவாராய்ச்சி நிலையமாயிற்று. 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய உணவூட்ட நிறுவனம் என்று வழங்குவது அதுவே. மக்காரிசனும் அவருடன் பணியாற்றியோரும் சென்னை மாகாணத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரிபெரி எங்கெங்கே என்று குறித்தார்கள். வடசர்க்கார் எனப்பட்ட கோதாவரி, கிருஷ்ணைக் கழிமுகங்களில் நோய் மிகுந்திருந்தது. அங்குள்ளோர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். காவிரிக் கழிமுகத்தில் நோய் அரிது. நாம் புழுங்கலரிசி உண்டோம். இரண்டும் ஆற்றுச் செழிப்புடைய நாடு. இரண்டும் நெல் நாடு. இடையே நின்ற வேற்றுமை ஓர் அண்டாவும் சிறிது வெந்நீரும்!

இதைக் கேட்டுத் தஞ்சைக்காரர் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதே மக்காரிசன் இந்தியாவின் ஏழு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், கீரை, பருப்பு அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியாகவும், பால் சிறிதளவாகவும் அமைந்த சென்னை உணவை உண்டவை 155 கிராமோடு நின்று, வரிசையில் கடைசியாயின. பெரிபெரியிலிருந்து தப்புவது ஒன்று. நன்றாக உண்பது வேறொன்று. கிண்ணம் நிறைந்திருந்தும் உடலுக்கு வேண்டியது குறையலாம் என்பதை அந்த எலிகள் அப்பொழுதே காட்டிவிட்டன. நாம்தான் கவனிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெல்டா ஊர்களில் ஹல்லர் பொறி வந்து இறங்கியது. உலக்கையின் ஓசை சிறிது சிறிதாக அடங்கியது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை 1934-ஆம் ஆண்டு முதல் நடத்தியவர். ஆலையரிசி உடலுக்கும் கேடு, குத்திப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் பிழைப்புக்கும் கேடு என்று அவர் ஓயாது வாதிட்டார். கைக்குத்தல் தொழிலுக்குக் காப்பு வேண்டும் என்ற கருத்து வலுத்து, 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் வந்தது. ஆயினும் ஆலையே வென்றது. அதில் எனக்கு வியப்பில்லை. கைக்குத்தலின் பெருமையைப் பேசுவோருள் உலக்கை பிடித்துக் கை காய்த்தவர் மிகச் சிலர். என் பாட்டியார் ஆலை வந்த நாளைத் திருநாளாகவே எண்ணினார். பிழை பொறியில் இல்லை. எவ்வளவு தீட்டுவது என்பதற்கு எல்லை வகுக்காததில் இருந்தது.

திருவாரூருக்கு இவ்வரலாற்றில் தனியோர் இடம் உண்டு. 1960-களில் டெல்டாவில் புதிய குறுகியகால நெல் வகைகள் பரவிக் குறுவை பெருகியது. பயிர் முதிர்ந்து அறுவடைக்கு வரும் வேளை புரட்டாசி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையும் அதுவே. ஈரநெல் களத்திலேயே சூடேறி, முளைவிட்டு, நிறம் மாறிக் கெட்டது. உழவரின் ஆண்டு உழைப்பு அம்பாரத்திலேயே அழுகியது என்றால் மிகையன்று. இதற்கு வழிகாண 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி தொடங்கியது. 1972-இல் அது நாடு முழுமைக்குமான ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1984-இல் தஞ்சாவூருக்கு மாறியது. அங்கே இன்று உணவுத் தொழில்நுட்பத்திற்கான தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. ஈரநெல்லைக் காக்கும் முறை, தவிடு சிக்குப் பிடிக்காமல் வைத்து அதிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை ஆகியவை இத்தகைய ஆராய்ச்சியின் பயன்கள். நாள்கணக்கில் ஊறவைத்து நாற்றமேறிய பழைய புழுக்கல் முறைக்கு மாறாக, வெந்நீரில் சில மணி நேரத்தில் புழுக்கி எடுக்கும் முறையும் ஆலைகளில் வந்தது.

அண்மையில் திருவாரூர்ப் பக்கத்து ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அரிசி கண்ணாடி மணிபோல் கொட்டிக்கொண்டிருந்தது. "இவ்வளவு தீட்டத்தான் வேண்டுமா?" என்று கேட்டேன். ஆலைக்காரர் சிரித்தார். "ஐயா, கொஞ்சம் பழுப்பு தெரிந்தால் கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்" என்றார். "தவிடு?" என்றேன். "அதற்குத்தான் இப்போது கிராக்கி, எண்ணெய் ஆலை லாரி வாசலில் நிற்கிறது, பாருங்கள்" என்றார்.

நிற்க. பெரிபெரி இன்று நம்மிடையே பெரும்பாலும் பழங்கதை. அப்படியானால் அரிசியின் கதை முடிந்ததா? முடியவில்லை. மாணவர்களாகிய உங்களைப் பற்றிய பகுதி இனித்தான் தொடங்குகிறது.

1922-ஆம் ஆண்டு சனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில், நீரிழிவால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது, அவன் பிழைத்தெழுந்தான். நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமை. இன்சுலினைக் கொடுத்தால் தீர்ந்தது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் 1936-இல் இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த் என்பவர், நீரிழிவாளர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்று காட்டினார். சிலர் உடலில் இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. இதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

டெல்டாப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. சர்க்கரை வாய்க்கால் நீர் போன்றது. தசை வயல் போன்றது. இடையே மதகு, மதகைத் தூக்கும் லஸ்கரே இன்சுலின். மதகு நன்றாயிருந்தால் ஒருவர் போதும். மதகுப் பலகை துருப்பிடித்து இறுகிவிட்டால் இருவர், மூவர், நால்வர் கூடி இழுக்க வேண்டும். வாய்க்காலில் நீர் கரைதட்டி நிற்கும். வயலோ காய்ந்து கிடக்கும். இன்னும் ஆட்களை அனுப்பு, இன்னும் அனுப்பு என்று கணையம் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒருநாள் களைத்துவிடும். அந்த நாளில்தான் மருத்துவர் நீரிழிவு என்று பெயரிடுகிறார். துருப்பிடித்தது அதற்கு எவ்வளவோ முன்பு. பூப்பெய்தும் பருவத்தில் ஒவ்வோர் உடலிலும் இந்த மதகு சிறிது இறுகித்தான் இருக்கும்; வளர்ச்சி முடிந்ததும் தளரும். இயல்பாகவே இறுக்கமான அப்பருவத்தில் வேறு காரணங்களும் சேர்ந்தால்தான் ஆபத்து.

அக்காரணங்களுள் முதன்மையானது கொழுப்பு. கொழுப்பு என்றதும் பருத்த உடலை நினைக்காதீர்கள். 2004-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இரு மருத்துவரின் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்குக்கு 21.2 பங்கு. நிறைகோலுக்குத் தெரியாத கொழுப்பு இது. வயிற்றைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், தசைக்குள்ளும் ஒளிந்திருப்பது. மதகில் துருவாகப் படிவது அதுவே.

இது எப்பொழுது சேர்கிறது? இக்கேள்விக்கு விடைகாணப் புனேயை அடுத்த ஆறு சிற்றூர்களில் 1993 முதல் கருவுற்ற தாய்மாரையும் அவர்கள் ஈன்ற மக்களையும் யாஜ்னிக் குழுவினர் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் எடை சராசரி 2.7 கிலோகிராம், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 அளவில். இவ்வளவு மெலிந்த குழந்தைகளின் கையிலும் வயிற்றிலும் தசை குறைந்திருந்ததே தவிர, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்தும் கொழுப்போடு பிறந்த குழந்தைகள்! தாய்மாருள் பெரும்பாலோருக்கு வைட்டமின் பி12 குறைவாயிருந்தது. பி12 குறைந்து ஃபோலிக் அமிலம் மட்டும் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு மற்றவரைவிட மிகுந்திருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். அப்பிள்ளைகள் 18 வயதை எட்டினார்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இருக்கவேண்டிய எடைக்கும் குறைந்தவர்கள். ஆயினும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 18 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை அளவு வரம்பு மீறத் தொடங்கியிருந்தது. வயல்வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள், மெலிந்த உடல், ஆயினும் மதகு இறுகிவிட்டது.

புனேயின் கதை நமக்கு எதற்கு என்பீர்களானால், 2016 முதல் 2018 வரை நாடு முழுதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 10 முதல் 19 வயது வரையுள்ளோருள் 31 விழுக்காட்டினருக்குப் பி12 குறைவு. 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறைவு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்நாட்டில் 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவு. பத்தில் ஒருவருக்கு நீரிழிவின் முன்னிலை. பருமனானவர் 5 விழுக்காட்டினரே. மெலிந்தவரோ 24 விழுக்காட்டினர். சென்னையில் வயது வந்தோரிடையே நீரிழிவு 1989-இல் 8.3 விழுக்காடாக இருந்து, 2004-இல் 14.3 விழுக்காடாக ஏறியதை அங்குள்ள மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். அதே நகரத்தில் 2009-இல் வெளியான ஆய்வு, மக்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வருவதைக் காட்டியது. அதை மிகுதியாக உண்டோருக்கு இடைச்சுற்றளவும் இன்சுலின் எதிர்ப்பும் மிகுந்திருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். அதுவும் நம் பெருமையைத் தொடுவது. புழுங்கலரிசி நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது உண்மை. ஆனால் முழுக்கத் தீட்டிய புழுங்கலரிசியின் மாவும் மாவே. அது விரைவாகச் சர்க்கரையாகிறது. என் பாட்டியார் காலத்தில் மலைபோல் சோறு உண்டவர்கள் அதை நடவிலும் களையெடுப்பிலும் அறுவடையிலும் எரித்துத் தீர்த்தார்கள். பழைய காப்பு புதிய நோய்க்குக் காப்பாகவில்லை.

பெரிபெரியின் பாடத்தை அப்படியே இங்குப் பொருத்த முடியாது என்பது இன்னொன்று. அங்கே குறைந்தது ஒரே பொருள். அதைக் கொடுத்தால் தள்ளாடிய கோழி சில நாளில் எழுந்து நடந்தது. இங்கே உயிர்ச்சத்துக் குறைவும் கொழுப்பு மிகுதியும் இன்சுலின் எதிர்ப்பும் ஒரே உடலில் கூடியிருப்பதைக் காண்கிறோம். எது காரணம், எது காரியம் என்பது அவ்வளவு தெளிவன்று. வைட்டமின் டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொழுப்பில் கரைவது. கொழுப்பு மிகுந்த உடலில் அது கொழுப்புக்குள் பரவி அடங்கிவிடுவதால் குருதியில் குறைந்து தோன்றும். அப்பொழுது டி குறைந்ததால் கொழுப்பு மிகுந்ததா, கொழுப்பு மிகுந்ததால் டி குறைந்ததா? 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீரிழிவின் முன்னிலையில் இருந்த 2,423 பேருள் பாதிப்பேருக்கு நாள்தோறும் வைட்டமின் டி கொடுத்தார்கள். மற்றப் பாதியினரைவிட அவர்களுக்கு நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கடையில் ஒரு புட்டி வாங்கி விழுங்கினால் தீரும் என்று யாரேனும் சொன்னால், அவர் 1905-ஆம் ஆண்டின் விடையை இன்றைய கேள்விக்குச் சொல்கிறார் என்று அறியுங்கள். எலும்புக்கும் குருதிக்கும் நரம்புக்கும் அவ்வுயிர்ச்சத்துகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை; அது வேறு வழக்கு.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, நியாயவிலைக் கடைகளிலும் பள்ளி உணவிலும் வழங்கும் அரிசியை 2024-க்குள் செறிவூட்டப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்னோட்டமாகத் தேர்ந்தது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அரிசிமாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து, மீண்டும் அரிசிமணியைப் போலவே வார்த்து, நூறு மணிக்கு ஒன்று என்னும் அளவில் கலக்கும் முறை அது. சோறு வடிக்கும்போது அம்மணி தனியே தெரிகிறது என்று சொல்லி, பிளாஸ்டிக் அரிசி வந்துவிட்டதாக அஞ்சியவர்களும் உண்டு. ஒரு கையால் தவிட்டை நீக்கி லாரியில் ஏற்றி, மறு கையால் செயற்கை மணியைக் கலப்பதைப் பார்த்தால் குமரப்பா என்ன சொல்லியிருப்பாரோ! நியாயமாகச் சொன்னால், பி12 எந்தத் தவிட்டிலும் இல்லை. அதை ஆக்குவன நுண்ணுயிர்களே. நமக்குப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாக வருகிறது. அரிசியை எவ்வளவு தவிட்டோடு உண்டாலும் அக்குறை தீராது. மக்காரிசனின் எலிகள் சொன்னது இதுவே.

புனேச் சிற்றூர்களில் 1993 தொடங்கிக் கருவிலிருந்தே அளக்கப்பட்டவர்கள் பதினேழு வயதை ஒட்டிய பருவத்தில் இருந்தபொழுது, 2012-இல் மற்றொரு சோதனை தொடங்கியது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் சிறிதளவு பி12 கொடுத்தார்கள். மருந்தை உண்டவர் நலம் பெறுகிறாரா என்பது அதன் முதற்கேள்வி அன்று. அவர்களுக்கு மணமாகி, குழந்தை பிறந்து, அக்குழந்தையும் ஒல்லியாகவும் கொழுப்போடும் பிறக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே விடைக்காக ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்குழந்தைகள் பிறந்தார்கள், அவர்களை நிறுத்து, அளந்து, குறித்து வருகிறார்கள். அவர்கள் பதினைந்து வயதை எட்டும்பொழுது மதகு எப்படித் திறக்கிறது என்பதை அளப்பவர், இன்று கல்லூரியில் படிக்கும் உங்களுள் ஒருவராயிருக்கலாம்.